பாதுகாவலரின் கணக்கு: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

தன் பணத்தைத் தானே நிர்வகிக்க இயலாத ஒரு மாற்றுத்திறனாளிக்காக இன்னொருவர் பணத்தைப் பெற்றுச் செலவிடும் வழக்கம் தமிழ்நாட்டில் மிகப் பழையது. அவ்வாறு செலவிடுபவர் யாரிடம் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்குச் சட்டம் பல காலகட்டங்களில் பல விதமாக விடை சொல்லியிருக்கிறது. சொத்துள்ளவர்களைப் பொறுத்தவரை அந்த விடை நூறாண்டுகளுக்கு முன்பே தெளிவாகிவிட்டது. மாத உதவித்தொகையை மட்டுமே நம்பி வாழ்பவர்களுக்கு அது இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. தேனி மாவட்டத்தையும் கம்பம் பள்ளத்தாக்கையும் பின்னணியாகக் கொண்டு அந்த வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பள்ளத்தாக்கும் குடும்பமும்

தேனி மாவட்டம் 1996-இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. தேனி, பெரியகுளம், ஆண்டிபட்டி, போடிநாயக்கனூர், உத்தமபாளையம் ஆகியவை இதன் வட்டங்கள். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் நீளும் நிலப்பகுதியே கம்பம் பள்ளத்தாக்கு. நெல்லும் திராட்சையும் தென்னையும் இங்குள்ள பயிர்கள். நிலமில்லாத குடும்பங்களுக்கு மேற்கே மலையேறினால் ஏலத்தோட்ட வேலை உண்டு. கம்பம், போடி, தேவாரம் பகுதிகளிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்குப் போய், மாலையில் திரும்பும் பெண்கள் ஏராளம்.

இப்படியொரு வீட்டை நினைத்துப் பார்க்கலாம். தாய் தோட்ட வேலைக்குப் போகிறார். மகனுக்கு வயது 24, அறிவுசார் குறைபாடு உள்ளவர். கானாவிலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சான்று வாங்கி, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பெற்று, மாத உதவித்தொகையும் கிடைக்கிறது. பணம் வங்கிக்கு வருகிறது. தாய் எடுத்து மகனுக்குச் செலவு செய்கிறார். இதில் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. தாய் இறந்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. ஏடிஎம் அட்டை தாய்மாமன் கைக்கோ, அண்ணன் கைக்கோ, அக்காவின் கணவர் கைக்கோ போகிறது. அவர் நல்லவராக இருந்தால் மகனுக்குச் சோறும் மருந்தும் துணியும் கிடைக்கும். இல்லாவிட்டால் அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்?

இந்தக் கேள்வியில் சட்ட நுட்பம் ஒன்றும் அடங்கியிருக்கிறது. மகனுக்கு 18 வயது நிறைந்த நாளிலேயே தாயின் இயற்கைப் பாதுகாவலர் உரிமை முடிந்துவிடுகிறது. 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு மட்டுமே பெற்றோரைப் பாதுகாவலராக ஏற்கிறது. அதற்குப் பிறகு தாயும் மாமனும் சட்டத்தின் பார்வையில் ஒரே நிலையில் நிற்கிறார்கள். முறைப்படி நியமிக்கப்படாத வரை இருவருமே பாதுகாவலர் அல்ல.

ஜீவனாம்சம் மட்டுமே உரிமையாக இருந்த காலம்

பழைய இந்து சட்ட மரபில் மாற்றுத்திறனாளிகள் பலருக்குக் குடும்பச் சொத்தில் பங்கு கிடையாது. பிறவியிலேயே பார்வையற்றோர், காது கேளாத வாய் பேசாதோர், கடுமையான தொழுநோயாளிகள், மனநலம் குன்றியோர் ஆகியோர் வாரிசுரிமையிலிருந்து விலக்கப்பட்டனர். அவர்களுக்கு இருந்தது ஜீவனாம்ச உரிமை மட்டும். சொத்தை எடுத்துக்கொண்ட சகோதரர்கள் அவர்களுக்கு உணவும் உடையும் தர வேண்டும் என்பதே விதி. சொத்தும் பராமரிப்பும் ஒரே கையில் இருந்தன. பராமரிப்பில் மிச்சம் பிடித்தால் லாபம் பராமரிப்பவருக்கே. பராமரிப்பு போதவில்லை என்றால் வழக்குத் தொடுக்கலாம். ஆனால் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள இயலாத ஒருவர் தனியாக நீதிமன்றப் படியேறுவது அரிது.

1928-இல் வந்த இந்து வாரிசுரிமைத் தகுதியின்மை நீக்கச் சட்டம் இந்த விலக்கைப் பெருமளவு அகற்றியது. ஆனால் பிறவியிலேயே சித்தசுவாதீனம் இல்லாதவர்களையும் பிறவி அறிவுசார் குறைபாடு உள்ளவர்களையும் அது விட்டுவிட்டது. அவர்களுக்கும் வாரிசுரிமை உண்டு என்பது 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவில்தான் உறுதியானது. நோய், குறைபாடு, ஊனம் எதுவும் வாரிசுரிமைக்குத் தடையில்லை என்று அப்பிரிவு கூறுகிறது. ஆகவே அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவர் தன் அப்பாவின் வயலில் பங்குதாரர் ஆனது இன்றைய பாட்டி, தாத்தாக்களின் வாழ்நாளுக்குள் நடந்த மாற்றம்.

கோர்ட் ஆப் வார்ட்ஸ்

பிறருடைய சொத்தை நிர்வகிப்பவர் அரசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற கருத்து ஆங்கிலேயர் ஆட்சியில் ஜமீன்களிலிருந்து தொடங்கியது. சென்னை மாகாணத்தின் 1804-ஆம் ஆண்டு 5-ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் கோர்ட் ஆப் வார்ட்ஸ் என்ற அமைப்பை உருவாக்கியது. பெயரில் கோர்ட் இருந்தாலும் இது நீதிமன்றம் அல்ல. வருவாய் வாரியமே கோர்ட் ஆப் வார்ட்ஸாகச் செயல்பட்டது. மாவட்டத்தில் ஆட்சியர் அதன் முகவர். ஜமீன்தார் சிறுவராக இருந்தாலோ, மனநிலை சரியில்லாதவராகவோ நிர்வாகம் செய்ய இயலாதவராகவோ இருந்தாலோ ஜமீனை அரசே எடுத்து நடத்தியது. பின்னர் 1902-இல் சென்னை கோர்ட் ஆப் வார்ட்ஸ் சட்டம் இதை விரிவாக வகுத்தது.

அன்றைய மதுரை மாவட்டத்தில் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ராமநாதபுரம். 1873-இல் சேதுபதி இறந்தபோது வாரிசான பாஸ்கர சேதுபதி சிறுவர். 1889-இல் அவர் பொறுப்பேற்கும் வரை ஜமீன் கோர்ட் ஆப் வார்ட்ஸின் நிர்வாகத்தில் இருந்தது. இன்றைய தேனி மாவட்டப் பகுதியிலும் போடிநாயக்கனூர், கண்டமனூர், தேவாரம், எரசக்கநாயக்கனூர் முதலிய ஜமீன்கள் இருந்தன.

இந்த ஏற்பாட்டின் நோக்கத்தை மறைக்கத் தேவையில்லை. ஜமீன் சீர்கெட்டால் அரசுக்கு வரவேண்டிய பேஷ்குஷ் தொகை நின்றுபோகும். வருவாயைக் காப்பதுதான் முதல் கவலை; ஜமீன்தாரின் நலன் அதோடு ஒட்டி வந்தது. ஜமீனின் கணக்குகள் ஒழுங்காக எழுதப்பட்டன. அதே காலத்தில் ரயத்துவாரி ஊர்களில் ஒரு சிறு விவசாயியின் குறைபாடுள்ள மகனுக்கு எந்தக் கோர்ட்டும் காவல் நிற்கவில்லை. 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு கோர்ட் ஆப் வார்ட்ஸுக்கு வேலையில்லாமல் போனது. ஆனால் மாவட்ட ஆட்சியரைக் கண்காணிப்பவராக நிறுத்தும் யோசனை அரை நூற்றாண்டு கழித்து வேறு வடிவில் திரும்பி வந்தது.

1912: ஆறு மாதம், மூன்று மாதம்

ஜமீன் அல்லாத சொத்துகளுக்கு வழி காட்டியவை 1858-ஆம் ஆண்டின் மனநோயாளர் சட்டங்கள். அவற்றை ஒன்றிணைத்து 1912-ஆம் ஆண்டு இந்திய லூனசி சட்டம் வந்தது. அன்றைய சட்டங்கள் பயன்படுத்திய சொற்கள் இன்று இழிவானவை. ஆனால் அவற்றுக்குள் கறாரான ஒரு நடைமுறை இருந்தது. மாநகரங்களுக்கு வெளியே மாவட்ட நீதிமன்றம் விசாரணை நடத்தி, ஒருவரால் தன் காரியங்களைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று கண்டால் அவருடைய உடலுக்குப் பாதுகாவலரையும் சொத்துக்கு மேலாளரையும் நியமிக்கலாம். பெரியகுளத்துக்காரரோ கம்பத்துக்காரரோ இதற்கு மதுரைக்குப் போக வேண்டியிருந்தது.

நியமனம் பெற்ற மேலாளருக்கு இரண்டு கெடுக்கள் இருந்தன. ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலை நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும், ஆண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள் வரவுசெலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும். பட்டியலிலோ கணக்கிலோ பிழை இருப்பதாகக் கருதும் உறவினர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். நிலத்தை விற்கவும் அடமானம் வைக்கவும் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.

இந்த ஆறு மாதப் பட்டியலையும் மூன்று மாதக் கணக்கையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் வந்த சட்டங்கள் இவற்றைத் திரும்பத் திரும்ப எடுத்தாண்டன. 1912 சட்டத்தின் கீழ் யார் நீதிமன்றம் போனார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். வக்கீல் செலவு, மதுரைப் பயணம், சாட்சிகள் ஆகிய எல்லாவற்றையும் தாங்கும் அளவுக்குச் சொத்து இருந்தவர்களுக்கே அது பயன்பட்டது.

சட்டம் விட்ட இடைவெளி

1987-இல் நாடாளுமன்றம் மனநலச் சட்டத்தை இயற்றியது. அது 1993 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து, 1912 சட்டத்தை நீக்கியது. புதிய சட்டத்திலும் சொத்து மேலாளர் உண்டு, சொத்துப் பட்டியல் உண்டு, ஆண்டுக் கணக்கு உண்டு. கணக்குக் கொடுக்காத மேலாளருக்கு 2,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். கொடுக்கும் வரை சிவில் சிறையில் வைக்கவும் செய்யலாம்.

ஆனால் அதன் வரையறையில் ஒரு சொற்றொடர் பெரிய விளைவை உண்டாக்கியது. மனநோயாளர் என்போர் அறிவுசார் குறைபாடு அல்லாத மனநலக் கோளாறு உடையவர்கள் என்று சட்டம் சொன்னது. மனநோயும் அறிவுசார் குறைபாடும் ஒன்றல்ல என்பது மருத்துவ நோக்கில் சரியானதே. 1912 சட்டம் இரண்டையும் ஒன்றாகக் குழப்பியது. ஆனால் பழைய சட்டம் போனதோடு, 18 வயது கடந்த அறிவுசார் குறைபாடுள்ளவருக்குப் பாதுகாவலரை நியமிக்க இருந்த வழியும் அடைபட்டது. 1993 முதல் இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரை அவர்களுக்கெனத் தனி ஏற்பாடு எதுவும் இல்லை.

சட்டம் இருந்தும் கண்காணிப்பு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடி காட்டியது. ராமநாதபுரம் மாவட்டத்தில் உரிமம் இல்லாத மனநலக் காப்பகம் ஒன்றில் அதிகாலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் தப்ப முடியவில்லை. 28 பேர் இறந்தனர். குடும்பங்கள் அத்தகைய காப்பகங்களுக்குப் பராமரிப்புக்காகப் பணம் கொடுத்துவந்தன. அந்தப் பணத்துக்கு ஈடாக என்ன பராமரிப்புக் கிடைத்தது என்று யாரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதை வழக்காக எடுத்துக்கொண்டது. நாடு முழுவதும் இத்தகைய காப்பகங்கள் ஆய்வுக்கு உள்ளாயின.

1999: ஆட்சியர் தலைமையில் ஒரு குழு

அறிவுசார் குறைபாடுள்ளவர்களின் பெற்றோர் நீண்ட காலமாகக் கேட்டுவந்த கேள்வி ஒன்றுதான்: எங்களுக்குப் பிறகு யார்? அதற்கு விடையாக வந்தது 1999-ஆம் ஆண்டு 44-ஆம் சட்டமான தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு நிலைகளுக்கு இது பொருந்தும்.

இச்சட்டம் பாதுகாவலர் நியமனத்தை நீதிமன்றத்திலிருந்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளூர் அளவிலான குழு ஒன்று அமைக்கப்பட வேண்டும். மாவட்ட ஆட்சியர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகிய மூவர் இதில் இருப்பர். பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம். பதிவு பெற்ற நிறுவனமும் விண்ணப்பிக்கலாம். பாதுகாவலர் உண்மையில் தேவையா, எந்தெந்தக் காரியங்களுக்குத் தேவை என்பதைக் குழு முதலில் ஆராய வேண்டும். வக்கீல் இல்லாமலேயே, மதுரைக்குப் போகாமலேயே, தேனியில் இதை முடிக்கலாம் என்பது ஏழைக் குடும்பங்களுக்குப் பெரிய மாற்றம். இக்குழு தரும் பாதுகாவலர் சான்றை வங்கிகள் ஏற்றுக்கொள்ளலாம் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2007-இல் தெளிவுபடுத்தியது.

சட்டத்தின் 16-ஆம் பிரிவு 1912-இன் நடைமுறையை அப்படியே நினைவூட்டுகிறது. நியமனம் பெற்ற ஆறு மாதத்துக்குள் அசையாச் சொத்து, மற்ற உடைமைகள், வரவேண்டிய தொகைகள், கடன்கள் ஆகியவற்றின் பட்டியலைப் பாதுகாவலர் தர வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள், பெற்ற தொகை, செலவிட்ட தொகை, கையிருப்பு ஆகியவற்றைக் காட்டும் கணக்கைத் தர வேண்டும். கணக்குத் தராவிட்டால் என்ன தண்டனை என்று மட்டும் அப்பிரிவு சொல்லவில்லை. 1987 சட்டத்தில் இருந்த அபராதமும் சிவில் சிறையும் இங்கே இல்லை.

17-ஆம் பிரிவு பாதுகாவலரை நீக்கும் வழியைச் சொல்கிறது. மாற்றுத்திறனாளியைக் கொடுமைப்படுத்துகிறார், கவனிக்காமல் விடுகிறார், சொத்தைக் கையாடல் செய்கிறார் என்று தெரிந்தால் பெற்றோரோ உறவினரோ பதிவு பெற்ற நிறுவனமோ குழுவிடம் விண்ணப்பிக்கலாம். குழு விசாரித்து, காரணங்களை எழுத்தில் பதிந்து, அவரை நீக்கிவிட்டு வேறொருவரை நியமிக்கலாம். நீக்கப்பட்டவர் சொத்து முழுவதையும் புதிய பாதுகாவலரிடம் ஒப்படைத்து, பெற்ற பணத்துக்கும் செலவிட்ட பணத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டும்.

விண்ணப்பிக்கத் தகுதியுள்ளவர்களின் இந்தப் பட்டியலில் ஒருவர் விடுபட்டிருக்கிறார். பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளி அதில் இல்லை. பெற்றோர் இறந்துவிட்டார்கள், உறவினர்களே தவறு செய்கிறார்கள் என்றால், அருகில் ஒரு தொண்டு நிறுவனம் இருந்தால்தான் இந்தக் கதவு திறக்கும்.

உதவித்தொகை வந்த வழி

சட்டங்கள் இப்படிச் சொத்தைச் சுற்றியே வளர்ந்துகொண்டிருந்த காலத்தில், ஏழைகளின் கைக்கு வேறொரு வகைப் பணம் வரத் தொடங்கியது. சென்னை மாநிலத்தில் 1962-இல் முதியோர் உதவித்தொகை 20 ரூபாயில் தொடங்கியது. ஆதரவற்ற மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை 1974 நவம்பரில் வந்தது. பல ஆண்டுகள் இந்தப் பணம் மணியார்டராகத் தபால்காரர் கையில் வந்தது. தபால்காரர் தெருவில் நின்று, ஆளைப் பார்த்து, கைநாட்டு வாங்கிக்கொண்டு எண்ணிக் கொடுப்பார். அதில் குறைகளும் இருந்தன. வாங்குபவர் உயிரோடும் உணர்வோடும் இருக்கிறாரா என்று மாதம் ஒரு முறை ஒருவர் கண்ணால் பார்த்ததும் உண்மை. பின்னர் பணம் வங்கிக் கணக்குக்கு மாறியது. இடைத்தரகு குறைந்தது, அந்த மாதாந்திரப் பார்வையும் அதோடு போயிற்று.

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் நலனுக்கெனத் தனித் துறை 2010-இல் முதலமைச்சரின் நேரடிப் பொறுப்பில் உருவாக்கப்பட்டது. ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லுக்குப் பதிலாக ‘மாற்றுத்திறனாளிகள்’ என்ற சொல் அரசு வழக்கில் வந்ததும் அதே ஆண்டில்தான். இத்துறை அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், தசைச்சிதைவு நோய் உள்ளவர்கள், தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்கள் போன்றோருக்குப் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. 1,000 ரூபாயாக இருந்த தொகை 1,500 ஆகி, 2023 ஜனவரி முதல் 2,000 ஆனது. ஆண்டுக்கு 24,000 ரூபாய். இதே விகிதத்தில் இருபது ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் 4,80,000 ரூபாய். பள்ளத்தாக்கில் ஒரு கூலிக் குடும்பத்துக்கு இது சிறிய தொகை அல்ல.

இந்தத் தொகையை ஒருவருக்காகப் பெறுபவர் கணக்குக் கொடுக்கிறாரா? முறைப்படி நியமிக்கப்பட்ட பாதுகாவலர் என்றால் 16-ஆம் பிரிவு அவரைக் கட்டுப்படுத்தும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அப்படி ஒரு நியமனமே நடப்பதில்லை. தாயோடு கூட்டுக் கணக்கு, அதற்கொரு ஏடிஎம் அட்டை, அவ்வளவுதான். நியமனம் இல்லாத இடத்தில் கணக்கும் இல்லை. உதவித்தொகைத் திட்டங்களில் நடக்கும் சரிபார்ப்பு பெரும்பாலும் பயனாளி உயிரோடு இருக்கிறாரா, தகுதி தொடர்கிறதா என்பதைப் பற்றியது. இறந்தவர் பெயரில் பணம் போகாமல் தடுக்க அது உதவுகிறது. உயிரோடு இருப்பவரின் வயிற்றுக்கு அந்தப் பணம் போய்ச் சேர்ந்ததா என்பதை அது கேட்பதில்லை.

வேறு நாடுகளின் பாடம்

உதவித்தொகைக்கென்றே தனிக் கண்காணிப்பு முறையை அமைத்த நாடுகள் உண்டு. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புத் தொகையைப் பயனாளிக்குப் பதிலாக உறவினருக்கோ வேறொருவருக்கோ கொடுக்க 1939-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இடம் தந்தது. அவரைப் பிரதிநிதிப் பெறுநர் என்கிறார்கள். அங்கே சொத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிறர் பணத்தைப் பெற வேண்டுமானால் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் அவரை நியமித்தாக வேண்டும். 1984-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக் கணக்கைப் பொதுவாகக் கட்டாயமாக்கியது.

அதுவும் போதவில்லை. அயோவா மாநிலத்தின் அட்டாலிசா ஊரில் அறிவுசார் குறைபாடுள்ள ஆண்கள் பல்லாண்டுகளாக வான்கோழி இறைச்சி ஆலையில் வேலை செய்தனர். அவர்களை வேலைக்கு வைத்த நிறுவனமே அவர்களுடைய அரசுத் தொகையையும் பெற்றுக்கொண்டு, மாதம் 65 டாலர் மட்டும் கையில் கொடுத்தது. 2009-இல்தான் அவர்கள் பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றிலிருந்து மீட்கப்பட்டனர். 2011 அக்டோபரில் பிலடெல்பியாவில் அறிவுசார் குறைபாடுள்ள நால்வர் அடித்தள அறையொன்றில் பூட்டிவைக்கப்பட்டிருந்ததை வீட்டு உரிமையாளர் கண்டார். அவர்களுடைய உதவித்தொகைக்காகவே அவர்கள் அடைத்துவைக்கப்பட்டிருந்தனர். இந்தக் கொடுமையின் முதன்மைக் குற்றவாளி முன்பே கொலை வழக்கில் தண்டனை பெற்றவர்.

இரண்டு நிகழ்வுகளும் ஒன்றைக் காட்டின. பணம் பெறுபவர் தானே நிரப்பித் தரும் படிவத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆகவே 2018-இல் அமெரிக்கா தன் முறையை மாற்றியது. மாற்றுத்திறனாளியோடு ஒரே வீட்டில் வாழும் பெற்றோருக்கும், வாழ்க்கைத் துணைக்கும் ஆண்டுப் படிவம் தேவையில்லை என்று விலக்களித்தது. அதே நேரத்தில், மாநிலங்களிலுள்ள மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்பு அமைப்புகளிடம் நேரடி ஆய்வுப் பணியை ஒப்படைத்தது. தாயிடம் ரசீது கேட்டு அலைக்கழிப்பதை விட, ஐயத்துக்குரிய இடத்துக்கு ஆள் போய்ப் பார்ப்பது மேல் என்பதே இதன் சாரம்.

உரிமை என்ற புதிய பார்வை

இதற்கிடையே பாதுகாவலர் என்ற கருத்தே கேள்விக்கு உள்ளானது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1-இல் ஏற்று உறுதி செய்தது. மாற்றுத்திறனாளிகளுக்கும் மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதி உண்டு. சொத்தை உடைமையாக வைத்திருக்கவும் பணத்தைத் தாமே கையாளவும் உரிமை உண்டு என்கிறது அதன் 12-ஆம் பிரிவு. இன்னொருவர் உதவ வேண்டியிருந்தால் அந்த உதவியில் சுயநல முரண்பாடோ தேவையற்ற அழுத்தமோ இருக்கக் கூடாது. சுதந்திரமான அமைப்பொன்று அதை அவ்வப்போது மீளாய்வு செய்ய வேண்டும்.

இதையொட்டி வந்ததே 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 2017 ஏப்ரலில் இது நடைமுறைக்கு வந்தது. இதன் 14-ஆம் பிரிவு முழுப் பாதுகாவலருக்குப் பதிலாக வரம்புக்குட்பட்ட பாதுகாவலரை முன்வைக்கிறது. குறிப்பிட்ட காரியத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, மாற்றுத்திறனாளியின் விருப்பத்தைக் கேட்டு, இருவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். பணம் சார்ந்த விவகாரத்தில் உதவுபவரின் நலனும் மாற்றுத்திறனாளியின் நலனும் மோதினால் உதவுபவர் விலகிக்கொள்ள வேண்டும் என்கிறது 13-ஆம் பிரிவு. உறவினர் என்ற காரணத்துக்காக மட்டும் அவர்மேல் ஐயம் கொள்ளக் கூடாது என்றும் அதுவே சொல்கிறது. உதவி ஏற்பாட்டை மாற்றவும் கலைக்கவும் மாற்றுத்திறனாளிக்கே உரிமை தரப்பட்டுள்ளது. 1999 சட்டத்தின் 17-ஆம் பிரிவில் விடுபட்டிருந்தவர் இங்கே வந்து சேர்கிறார்.

1987-இன் மனநலச் சட்டத்துக்குப் பதிலாக 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. சிகிச்சை பற்றி முடிவெடுக்க உதவும் நியமனப் பிரதிநிதி இதில் உண்டு. சொத்து மேலாளர் பற்றிய அத்தியாயம் அடியோடு இல்லை. முன்பு அறிவுசார் குறைபாடுள்ளவர்களை விட்டுவிட்டது போல, இம்முறை மனநோயாளரின் சொத்து நிர்வாகம் சட்டத்துக்கு வெளியே விடப்பட்டது. நினைவிழந்து கிடப்பவர்களுக்கோ இந்தச் சட்டங்கள் எதிலும் தெளிவான வழி கிடையாது. அவர்களுடைய குடும்பங்கள் உயர் நீதிமன்றங்களை நாடின. 2019-இல் கேரள உயர் நீதிமன்றம் இதற்கு நெறிமுறைகளை வகுத்து, பாதுகாவலர் குறிப்பிட்ட கால இடைவெளியில் கணக்குத் தர வேண்டும் என்றது. 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், நினைவிழந்த கணவரின் சொத்தை விற்கும் அதிகாரத்தோடு மனைவியைப் பாதுகாவலராக நியமித்தது. விற்ற தொகையில் ஒரு பகுதியைக் கணவர் பெயரில் வைப்புத்தொகையாகப் போடவும் ஆணையிட்டது.

கதவு எங்கே இருக்கிறது

இரு நூற்றாண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் கண்காணிப்பு எப்போதும் சொத்தின் பின்னாலேயே வந்திருப்பது தெரிகிறது. முதலில் ஜமீனுக்கு, பிறகு நிலபுலன் உள்ளவர்களுக்கு, பிறகு நியமனச் சான்று வாங்கும் விவரம் தெரிந்தவர்களுக்கு. மாதம் 2,000 ரூபாய் பெறுபவரின் வீட்டு வாசலோடு அது நின்றுவிடுகிறது.

ஆயினும் தேனி மாவட்டத்தில் வாழும் ஒருவருக்கு இன்றைய சட்டத்தில் மூன்று வழிகள் உண்டு. முதலாவது, தாய் தந்தை உயிரோடு இருக்கும்போதே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பித்து, தங்களுக்குப் பின் யார் என்பதை யோசித்து வைப்பது. நியமனம் நடந்தால்தான் கணக்குக் கேட்கும் உரிமை பிறக்கிறது. இரண்டாவது, பாதுகாவலர் தவறு செய்தால் 17-ஆம் பிரிவின் கீழ் அவரை நீக்கக் கோருவது.

மூன்றாவது வழிதான் பலருக்குத் தெரியாதது. 2016 சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி, மாற்றுத்திறனாளி ஒருவர் துன்புறுத்தப்படுகிறார் அல்லது சுரண்டப்படுகிறார் என்று நம்பக் காரணமுள்ள எவரும் நிர்வாக நடுவரிடம் தகவல் கொடுக்கலாம். உறவினராக இருக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கலாம், ஆசிரியர் கொடுக்கலாம், ரேஷன் கடைக்காரர் கொடுக்கலாம். பாதுகாவலர் நியமனம் நடந்ததா இல்லையா என்ற கேள்வியும் இதற்குத் தடையில்லை. நிர்வாக நடுவர் என்பவர் நமக்குத் தெரியாத ஒருவரல்ல. உத்தமபாளையத்திலோ போடியிலோ உள்ள வட்டாட்சியரே அந்த அதிகாரம் உடையவர். அவர் அந்தக் கொடுமையைத் தடுக்கவும், பாதிக்கப்பட்டவரை மீட்கவும், பாதுகாப்பான இடத்தில் சேர்க்கவும், அவருக்குப் பராமரிப்புக் கிடைக்கச் செய்யவும் ஆணையிடலாம்.

தபால்காரர் மாதம் ஒரு முறை வாசலில் நின்று ஆளைப் பார்த்த காலம் போய்விட்டது. அந்தப் பார்வையின் இடத்தில் இப்போது இருப்பது ஊரார் கண்ணும் வட்டாட்சியருக்கு எழுதும் ஒரு தாளும்தான்.